‘ஆர் பாத்தது’ மிஸ்

போன வாரம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றிலிருந்து. இரத்தநோய்களுக்கென்றே நடக்கிற இதழ் அது. இத்தனை ஆண்டாகத் தாங்கள் போட்ட கட்டுரைகளை எல்லாம் கணினியில் கொட்டி, எந்த நோயைப் பற்றிய ஆய்வு கூடுகிறது, எது குறைகிறது, எந்தக் கட்டுரையை உலகத்தில் அதிகம் பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்த்து ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டிருக்கிறார்களாம். அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவற்றின் பட்டியலில் எங்கள் கட்டுரையும் இருக்கிறதாம். இரண்டாவது ஆசிரியரான எனக்கு மனமார்ந்த வாழ்த்துக்களாம்.

வாழ்த்தாவது மண்ணாங்கட்டியாவது! அந்தக் கட்டுரை பிழை. பிழை என்று அதை எழுதினவரே தொண்டைத்தண்ணீர் வற்றச் சொல்லி, இதே இதழ் அதைத் திரும்பப் பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. திரும்பப் பெற்றதைத் தாங்களே மறந்துவிட்டு, இப்போது பட்டியல் போட்டுப் பூமாலை போடுகிறார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. மிஸ் இருந்திருந்தால் இரண்டும் இல்லாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பார்.

“ஆர் பாத்தது?”

அந்தக் கேள்விதான் அவருக்குப் பட்டப்பெயர். மருத்துவ பீடத்தில் மாணவர்கள், வைத்தியசாலையில் தாதிமார், சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்கிறவர்கள் வரை அவரை ‘ஆர் பாத்தது மிஸ்’ என்றுதான் சொல்வார்கள். அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் இணையத்தில் தேடுவீர்கள். தேடினால் முதலில் வருவது கட்டுரை திரும்பப் பெறப்பட்ட அறிவித்தல். ஒரு மனிசியை முதன்முதலாக அந்த வாசலால் போய்ப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆள் கட்டை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வெள்ளைக் கோட்டின் மேல்பையில் பேனைக்குப் பதிலாக ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியோடு ஸ்கூட்டியில் வந்து இறங்குவார். இரத்தவியல் ஆய்வுகூடத்துக்கு அவர்தான் பொறுப்பு. பீடத்தில் விரிவுரையாளரும்கூட. இரத்தக் கலங்களை எண்ணுகிற மெசின் எங்களிடம் இருந்தது. அது துப்புகிற கடதாசியை நாங்கள் நீட்டுவோம். வாங்க மாட்டார்.

“மெசின் சொன்னால் காணுமோ? மெசினுக்குக் கண் இருக்கோ?” என்றபடி நுணுக்குக்காட்டியின் முன்னால் போய்க் குந்திவிடுவார். தன் கண்ணால் கண்ட பிறகுதான் கையெழுத்து. ஒருநாளில் எத்தனை பேருடைய இரத்தம் வந்தாலும் அதுதான் முறை. மெசின் நல்ல மெசின்தான். அதன் மணிக்கூடு மட்டும் கரண்ட் போய்வரும்போதெல்லாம் தன்பாட்டில் ஏதோ ஒரு பழைய திகதிக்கு ஓடிவிடும். அதனால் திகதியையும் நேரத்தையும் படிவத்தில் கையால் எழுதுவது எங்கள் ஆய்வுகூடத்தின் வழக்கம். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை அவரோடு சுன்னாகம் சந்தைக்குப் போனேன். வியாபாரி, “நேற்றுக் கிண்டின வெங்காயம் மிஸ், நல்லாக் காய்ஞ்சது” என்றார்.

“ஆர் பாத்தது?” என்று கேட்டுக்கொண்டே சேலையை வரிந்துகட்டிக்கொண்டு, கையைச் சாக்கின் அடிவரை விட்டு ஒரு வெங்காயத்தை இழுத்து எடுத்து நசித்தார். தண்ணீர் வடிந்தது.

“நீங்கள் வாங்க வந்தனீங்களோ, சோதனை வைக்க வந்தனீங்களோ?” வியாபாரிக்குக் கோபம்.

“ரெண்டுக்கும்தான். மேலை கிடக்கிறதைத்தான் எல்லாரும் பாப்பினம். எனக்கு அடியிலை கிடக்கிறது வேணும்.”

அடுத்த வாரம் அவர் தலை தெரிந்ததுமே அந்த மனிதர் சாக்கைத் தானாகவே நிலத்தில் கவிழ்த்துக் கொட்டினார். பக்கத்துக் கடைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. குந்தியிருந்து தெரிந்தெடுத்தார்.

அவர் கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று ஊரில் மூன்று கதை உலாவியது. மூன்றையும் ஒருவரும் பார்த்ததில்லை என்பதால் நான் சொல்லவில்லை. ஆனால் மற்றவர்களுடைய கல்யாணத்தில் மூக்கை நுழைப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். உடுவிலில் இருக்கிற அவருடைய தமக்கை, மகளுக்குச் சாதகம் பொருந்திவிட்டது என்று இனிப்போடு ஆய்வுகூடத்துக்கே வந்துவிட்டார். மிஸ் இனிப்பை வாய்க்குள் போட்டுக்கொண்டே கேட்டார்.

“பத்துப் பொருத்தமும் பாத்தியளோ அக்கா?”

“ஓம், எட்டு நல்லாயிருக்காம்.”

“ரெண்டு பேற்றை ரத்தமும் பாத்தியளோ?”

தமக்கைக்கு முகம் சிவந்துவிட்டது. “உனக்கு உன்ரை ரத்தக் கதை எப்பவும்! நல்ல காரியம் கதைக்கேக்கை ஏன் உதைக் கதைக்கிறாய்?”

“நல்ல காரியம் எண்டபடியாத்தான் கதைக்கிறன். தலசீமியாவைக் காவுறவைக்கு வெளியிலை ஒண்டும் தெரியாது. ஓடியாடித் திரிவினம். ஆனால் காவுற ரெண்டு பேர் கட்டினால், பிறக்கிற பிள்ளைக்கு மாசாமாசம் ரத்தம் ஏத்தவேண்டி வரலாம். சீவியகாலம் முழுக்க. செவ்வாயும் சனியும் அதைச் சொல்லாதக்கா. கையை நீட்டச் சொல்லு.”

பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து கையை நீட்டினார்கள். ஒரு குறையும் இல்லை. தமக்கை சில காலம் மிஸ்ஸோடு கதைக்கவில்லை. மிஸ் அதைப் பெரிதாக எடுத்ததாகத் தெரியவில்லை.

இப்போது அந்தக் கட்டுரைக்கு வருகிறேன். தலசீமியாவைக் காவுகிறவர்களுடைய, அதாவது தாங்கள் நோயாளி ஆகாமல் அதை இரத்தத்தில் சுமக்கிறவர்களுடைய, செங்கலம் சிறியது. மெசினில் போட்டால் அந்தச் சிறுமை தெரியும். தெரிந்தால் அவர்களை அடுத்த பரிசோதனைக்கு அனுப்பலாம். ஆனால் ஊருக்குள் முகாம் வைத்து எடுக்கிற இரத்தம் அன்றைக்கே ஐஸில் ஆய்வுகூடத்துக்கு வரவேண்டும். தீவுப்பக்கத்தில் ஐஸுக்கு எங்கே போவது? வாகனத்துக்கு எங்கே போவது? ஐஸ் இல்லாமல் இரண்டு நாள் வெளியில் இருந்தால் இரத்தம் கெட்டுவிடுமா, தாங்குமா? இதுதான் கேள்வி. இதைப் பார்க்கத்தான் ஆய்வு. அதற்குத்தான் தற்காலிக உதவியாளராக என்னை எடுத்தார்கள்.

முறை இலகு. ஆளுக்கு இரண்டு குழாய் இரத்தம். ஒன்று ஐஸ்பெட்டியில் அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குப் போகும். மற்றது ஒரு பிஸ்கட் தகரத்துக்குள், ஐஸ் இல்லாமல் எங்கள் வெயிலில் இரண்டு நாள் கிடந்துவிட்டுப் போகும். இரண்டையும் ஒப்பிட்டால் விடை.

முடிவு அருமையாக வந்தது. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை! கட்டுரை எழுதி அந்த இரத்தநோய் இதழுக்கு அனுப்பினோம். ஆசிரியர் ஒரு பதில் போட்டார். கட்டுரை நல்லதாம். ஆனால் தங்கள் இதழில் அண்மையில் வந்த ஆறு கட்டுரைகளையும் மேற்கோளில் சேர்த்துவிட வேண்டுமாம். இதில் சூக்குமம் இருக்கிறது. ஓர் இதழை எவ்வளவு பேர் மேற்கோள் காட்டுகிறார்களோ அவ்வளவுக்கு அதன் இம்பாக்ட் ஏறும், மதிப்பு ஏறும். உலகம் முழுக்க எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சேர்த்துவிடுவார்கள். நானும், “சேர்ப்பம் மிஸ், ஆறு வரிதானே” என்றேன்.

மிஸ் ஆறையும் இறக்கி, அச்சடித்து, ஒரு கிழமை இருந்து வாசித்தார். பிறகு ஆசிரியருக்கு எழுதினார். ஆறையும் வாசித்தேன், ஒன்று உதவியது, சேர்த்திருக்கிறேன், மற்ற ஐந்தும் வேறு நோய்களைப் பற்றியவை, உதவாததை உதவியது என்று எழுத என்னால் முடியாது, கட்டுரையைத் திருப்பி அனுப்புவதென்றால் அனுப்புங்கள்.

“இனி எங்கை போடப்போறாங்கள்! வேணுமெண்டு வேலியிலை போற ஓணானைப் பிடிச்சு மடியிலை விடுறியள் மிஸ்” என்று நான் வெடித்தேன். என்னுடைய தற்காலிக வேலை முடிகிற நேரம். கட்டுரை வந்தால்தான் அதைக் காட்டி ஒரு நிரந்தர வேலைக்குப் போகலாம்.

“பாக்காததைப் பாத்தன் எண்டு எழுதச் சொல்லுறீரோ?” என்று கேட்டார்.

நான் மேசையில் கிடந்த படிவங்களை அடுக்கத் தொடங்கினேன். அந்தப் பேச்சை விட்டதற்கு வேறு காரணம் இருந்தது. அதை அவர் அறியவில்லை.

மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டுக் கடைசியில் போட்டார்கள். போட்டதும் பறந்தது பாருங்கள்! வெக்கையான நாடு என்று எத்தனை உண்டோ அத்தனையிலிருந்தும் ஆட்கள் மேற்கோள் காட்டினார்கள். ஐஸ் தேவையில்லை என்றால் எத்தனை பேருக்கு நிம்மதி! பீடத்தில் விளக்கேற்றி, மிஸ்ஸுக்குப் பொன்னாடை போர்த்தி, துறைத் தலைவர் அரை மணி நேரம் பேசினார். மேற்கோள் ஏறிக்கொண்டே போக, இரண்டு மூன்று வருடம் கழித்து மிஸ் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார். மேற்கோள் எண்ணிக்கைக்குத் தனியாகப் புள்ளி உண்டு. கிடைத்த மாதிரித்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குக் கட்டுரை வந்த கையோடு வேறோர் அரச ஆய்வுகூடத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. மிஸ்ஸைவிட்டு வந்துவிட்டேன். எங்கள் மாவட்டத்திலேயே முகாம்களில் ஐஸ்பெட்டி நின்றுபோனது. பிஸ்கட் தகரத்தில் இரத்தம் வந்தது.

அடுத்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அந்த நேரம் கடமையில் நின்ற தாதி சொன்னது.

கிளினிக் நாளன்று ஒரு பெண் வந்தார். இருபத்தைந்து வயது இருக்குமாம். இடுப்பில் ஒரு பெண்குழந்தை, வெளிறிப்போய், புறங்கையில் ஊசி குத்தின இடத்தில் பிளாஸ்டருடன். மிஸ்ஸின் முன்னால் ஒரு கடிதத்தை விரித்து வைத்தார்.

“கட்ட முதல் ரெண்டு பேரும் முகாமுக்கு வந்து ரத்தம் குடுத்தனாங்கள் மிஸ். ரெண்டு பேருக்கும் ஒண்டுமில்லை எண்டு நீங்கள்தானே கையெழுத்து வைச்சுக் கடிதம் தந்தனீங்கள்? இதை நம்பித்தானே கட்டினனாங்கள்? இப்ப பிள்ளைக்கு மாசாமாசம் ஏத்தவேணுமாம். பேந்து ஏன் மிஸ் கடிதம் தந்தனீங்கள்?”

மிஸ் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தாராம். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு ஆய்வுகூடத்துக்குள் போய், தன் கையை நீட்டி, தாதியைக் கொண்டு இரண்டு குழாய் இரத்தம் எடுப்பித்தாராம். ஒன்றை உடனே மெசினில் போட்டார். மற்றதைப் பிஸ்கட் தகரத்தில் வைத்து இரண்டு நாள் கழித்துப் போட்டார். கலம் ஊதியிருந்தது. அடுத்த கிழமை ஆய்வுகூடத்தில் நின்ற எல்லாருடைய கையிலும் எடுத்தார். எல்லாம் ஊதியிருந்தது. வெக்கையில் கிடந்தால் சின்னக் கலமும் ஊதிப் பெரிதாகிவிடும். காவுகிறவரின் இரத்தம் மெசினுக்கு மட்டுமில்லை, நுணுக்குக்காட்டியில் மிஸ்ஸின் கண்ணுக்கும் காவாதவரின் இரத்தம் மாதிரித் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் கணவனுக்கும் நடந்தது அதுதான்.

அப்படியென்றால் எங்கள் ஆய்வில் மட்டும் ஏன் வித்தியாசம் வரவில்லை?

ஒரு சனிக்கிழமை, நல்ல மத்தியான வெயிலில், எங்கள் வீட்டுப் படலையில் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. வட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். அந்த ஆய்வுக்கு இரத்தம் எடுத்ததும் எங்கள் ஊரில்தான். கோயில் தேருக்கு முதல்நாள் முகாம் வைத்தோம். தேருக்குக் கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் சனம் வந்து ஊரே நிறைந்திருக்கும், ஆட்களைத் தேடி அலையத் தேவையில்லை என்று நான்தான் யோசனை சொன்னேன். மிஸ் அந்தக் கிழமை பரீட்சை வேலையாகக் கொழும்பில் நின்றார். என்னை நம்பி விட்டிருந்தார்.

மிஸ் வந்து கதிரையில்கூட இருக்கவில்லை.

“தேருக்கு முதல்நாள் எடுத்த ஐஸ்பெட்டி எத்தினை மணிக்கு ஆய்வுகூடத்துக்கு வந்தது?”

“அண்டைக்குப் பின்னேரமே மிஸ். படிவத்திலை எழுதியிருக்கிறன்.”

“படிவம் நானும் வாசிச்சனான். ஆர் பாத்தது?”

நான் நிலத்தைப் பார்த்தேன்.  பொய் ஒன்று நாக்கு நுனியில் நின்றது. அவர் அந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை வெளியில் எடுக்கவில்லை, ஆனால் எடுத்த மாதிரித்தான் இருந்தது.

“வரேல்லை மிஸ்.”

“எங்கை இருந்தது?”

“எங்கடை மோட்டர் கொட்டிலுக்கை.”

சொல்லிவிட்டேன். முகாம் முடிய, தண்ணீர்ப் பந்தலும் காவடியும் வந்து ஒழுங்கை எல்லாம் அடைபட்டு, வைத்தியசாலை வாகனம் ஊருக்குள் வரமுடியாமல் திரும்பிப் போய்விட்டது. பெட்டியைச் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிரிஜ்ஜுக்குள் வைக்கலாம் என்று கதவைத் திறந்தால் அம்மா குறுக்கே நின்றுவிட்டார். “தேருக்கு விரதம் இருக்கிற வீட்டுக்கை ரத்தத்தைக் கொண்டந்து, அபிசேகத்துக்கு வைச்ச பாலுக்குப் பக்கத்திலை வைப்பியோ? முற்றத்துக்கும் கொண்டராதை!” ஊரில் வேறு எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பதில்தான் வந்திருக்கும். எல்லா வீடும் விரத வீடு. கிணற்றடியில் மோட்டர் கொட்டில், தகரக் கூரை. அதற்குள் ஐஸ்பெட்டியையும் பிஸ்கட் தகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அடுத்த நாள் காலமை ஐஸ் எல்லாம் தண்ணீர். தேர் முடிந்து, தீர்த்தம் முடிந்து, திங்கட்கிழமை இரண்டையும் ஒன்றாகத்தான் கொண்டுபோய் நானே மெசினில் போட்டேன். இரண்டும் ஒரே வெக்கையில் வெந்தவை. பிறகு எப்படி வித்தியாசம் வரும்?

உண்மையை எழுதியிருந்தால் ஆய்வு பாழ். வந்த சனமெல்லாம் பிளேன் ஏறிவிடும், திரும்ப எடுக்க ஆள் இல்லை, வேலையும் முடிந்துவிடும். மெசினின் மணிக்கூட்டை ஒருவரும் நம்புவதில்லை. கையால் எழுதுவதுதான் கணக்கு. ஐஸ்பெட்டிப் படிவத்தில் முகாம் நாளின் திகதியைப் போட்டேன். ஒரு வெட்டுத்திருத்தம்கூட இல்லாமல் எழுதினேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

“காட்டும்” என்றார் மிஸ்.

கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். வெளியே வரும்போது முகம் கழுவின மாதிரி வியர்த்திருந்தது. அம்மா தேத்தண்ணீரோடு ஓடிவந்தார். “மிஸ், பிள்ளையிலை பிழையில்லை. நான்தான் பிரிஜ்ஜுக்கை வைக்க விடேல்லை.”

“நீங்கள் உங்கடை விரதத்தைப் பாத்தியள் அம்மா. அதிலை என்ன பிழை?” என்றார் மிஸ். “எழுதினதுதான் பிழை. எழுதினதை நான் பாக்காமல் விட்டது அதைவிடப் பெரிய பிழை. ஊர்ச் சனத்தை எல்லாம் கேக்கிற கேள்வியை என்ரை கட்டுரைக்கு நான் கேக்கேல்லை.”

நான் அழுதேன். மன்னிப்புக் கேட்டு அழவில்லை. “என்ரை பேரை வெளியிலை விடாதேங்கோ மிஸ், கஷ்டப்பட்டுக் கிடைச்ச நிரந்தர வேலை, போயிடும்” என்று கேட்டு அழுதேன். அவர் தேத்தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

“உம்மடை பேரை நான் சொல்லமாட்டன். பாக்காத குற்றத்துக்கு என்ரை பேர் காணும். உம்மடையை நீர்தான் சொல்லவேணும். எப்ப எண்டு நான் கேக்கமாட்டன்.”

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துத் துறைத் தலைவர், கட்டுரையில் பெயர் இருந்த எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் மிஸ் எழுதின கடிதம் கிடந்தது. கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி இதழுக்கு எழுதியது. பேராசிரியர் பதவிக்கான நேர்முகம் அடுத்த மாதம்.

“ஒரு மாசம். ஒரே ஒரு மாசம் பொறுங்கோ” என்றார் தலைவர். கெட்ட மனிதர் இல்லை, கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார். “நேர்முகம் முடியட்டும். பேராசிரியர் ஆன பிறகு அனுப்புங்கோ, ஆர் கேக்கப்போகினம்? இந்தப் பீடத்திலையிருந்து இவ்வளவு மேற்கோள் வாங்கின கட்டுரை வேறை இல்லை.”

“அந்த ஒரு மாசத்துக்கை எத்தினை சோடி கலியாணம் கட்டும் சேர்?”

“அதுக்கு நீங்கள் என்ன செய்யேலும்?”

“இண்டைக்கே அனுப்பேலும்.”

“உலகத்தைத் திருத்தவோ நீங்கள் பிறந்தனீங்கள்?” தலைவருக்குக் குரல் ஏறிவிட்டது.

“உலகத்தை வேறை ஆரும் திருத்தட்டும். உதை எழுதினது நான், உதைத் திருத்துறது என்ரை வேலை. இன்னொண்டு சேர், அந்தத் தாயிட்டையும் நானே போய்ச் சொல்லப்போறன். கடிதம் பிழை, பிழை என்னிலை எண்டு.”

“வழக்குப் போடுவினம்!”

“போடட்டும். போடவேண்டிய வழக்குத்தான்.”

 அந்த அறையில் அன்றைக்கு என் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

இதழ் இலகுவில் விட்டதா? கட்டுரையின் அடியில் ‘சேமிப்பு நிலையில் சிறு மாறுபாடு இருந்திருக்கலாம்’ என்று ஒரு குட்டித் திருத்தம் போட்டால் போதாதா என்று கேட்டார்கள். அவ்வளவு மேற்கோளை வாங்கித் தருகிற கட்டுரையை விட அவர்களுக்கு மனமில்லை. மிஸ் திரும்பத் திரும்ப எழுதினார். சிறு மாறுபாடு இல்லை, முழுப் பிழை என்று எழுதினார். கடைசியில் அவர்களுக்கே அலுத்துத் திரும்பப் பெற்றார்கள். பேராசிரியர் பதவி இன்னொருவருக்குப் போனது. பீடத்தில் “விசரி, பைத்தியம்” என்றார்கள், அவருக்குக் கேட்கவே சொன்னார்கள். “விசரெண்டு ஆர் பாத்தது?” என்று திருப்பிக் கேட்டுவிட்டு நுணுக்குக்காட்டிக்குப் போனார். எங்கள் மாவட்டத்து முகாம்களில் ஐஸ்பெட்டி திரும்பி வந்தது. அதற்கு வாகனம் கேட்டு அவர் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. பிஸ்கட் தகரத்தில் வந்த இரத்தம் கொடுத்த அத்தனை பேரையும் தேடிப்பிடித்துத் திரும்பவும் எடுத்தார்.

அந்தத் தாய் அவரை மன்னிக்கவில்லை. மாதாமாதம் பிள்ளைக்கு இரத்தம் ஏற்றுகிற நாளில் மிஸ் அந்த வார்ட்டுக்குப் போவார். தாய் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மிஸ் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டு வருவார். ஓய்வு பெற்ற பிறகும் போனார் என்று அந்தத் தாதி சொன்னார். வழக்கு ஒன்றும் வரவில்லை.

இன்னொரு வேலையையும் அவர் விடவில்லை. திரும்பப் பெற்ற பிறகும் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவர் எழுதினதைப் பார்த்து மற்றவர், அவர் எழுதினதைப் பார்த்து இன்னொருவர். கட்டுரையைத் திறந்து பார்த்திருந்தால், ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று மேலேயே சிவப்பில் கிடக்கும். ஒருவரும் திறப்பதில்லை. மிஸ் ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாக மேற்கோள் காட்டினவர்களைத் தேடி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினார். ‘நீங்கள் மேற்கோள் காட்டிய கட்டுரையை எழுதியவள் நான். அது பிழை. ஐஸ் வையுங்கள்.’ சிலர் நன்றி சொன்னார்கள். பலர் பதிலே போடவில்லை. சாகிற கிழமையும் எழுதினாராம்.

செத்தவீட்டுக்குப் போனேன். கூட்டத்தில் பின்னால் நின்றுவிட்டு வந்தேன். இரண்டு வருடத் திவசமும் முடிந்துவிட்டது.

போன வாரம் வந்த வாழ்த்துக்கு அன்றைக்கே பதில் எழுதினேன். இந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, பட்டியலிலிருந்து எடுங்கள் என்று. ஆசிரியர் குழுவிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. கணினி எண்ணித் தந்ததையே போட்டார்களாம். அறிவித்தலில் முதலாவது ஆசிரியர், இரத்தம் ஐஸில் வந்ததா என்று தன்னால் உறுதிப்படுத்த முடியவில்லை என்றுதான் எழுதியிருக்கிறாராம். இன்றும் பலர் அந்த முடிவைப் பயன்படுத்துவதால் சேர்த்தார்களாம். அவரோ இப்போது இல்லையாம். அந்தப் பெட்டிக்கு உண்மையில் என்ன நடந்தது என்று நேரடியாக அறிந்தவர் வேறு யாராவது இருக்கிறார்களா என்று என்னைக் கேட்டிருந்தார்கள்.

பாருங்கள், எனக்குக் கொடுத்த வாக்கை அவர் அறிவித்தலிலும் காப்பாற்றியிருக்கிறார். என் பெயர் வராமல் இருக்க, தெரிந்ததையும் தெரியாது என்று எழுதியிருக்கிறார். மிஸ் வாழ்நாளில் எழுதின ஒரே பொய் எனக்காக எழுதினது.

கணவரிடம் திரையைக் காட்டினேன். வாசித்துவிட்டு, “விசரோ உமக்கு? பென்சனுக்கு இன்னும் எவ்வளவு காலம் கிடக்கு? ஆருக்குத் தெரியப்போகுது?” என்றார்.

“எனக்குத் தெரியுமப்பா” என்றேன்.

எழுதினேன். முழுப்பெயர், பதவி, ஊர் எல்லாம் போட்டேன். ஐஸ்பெட்டி அன்றைக்கு ஆய்வுகூடத்துக்கு வரவில்லை. எங்கள் வீட்டு மோட்டர் கொட்டிலுக்குள், தகரக் கூரையின் கீழ், மற்றத் தகரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. திங்கட்கிழமைதான் மெசினுக்குப் போனது. படிவத்தில் பொய்த் திகதி எழுதியது நான். பார்த்தது நான். இதை அறிவித்தலில் என் பெயரோடு சேருங்கள்.

பிரதி ஒன்று என் மேலதிகாரிக்கும் அனுப்பினேன்.  இந்தமுறை திகதியை இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

வருகிற வியாழக்கிழமை கிளினிக் நாள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிற பெரிய பிள்ளை. தாய் முகத்தைத் திருப்பிக்கொள்வார், தெரியும். திருப்பட்டும். பிழை தன்னுடையது என்று மிஸ் அவரிடம் சொன்னது பாதிதான். மற்றப் பாதியைச் சொல்ல நான் போகிறேன்.